இறால் கருவாடு

எண்பத்தேழில், இடஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டிப்போட்டுச் சாலை மறித்த வாரம் அது. கள்ளக்குறிச்சியில் ஆதிமூலம் திறக்கவிருந்த வண்ணமீன் கடையில், கடலூரிலிருந்து கேன்களில் வந்த கடல்நீரும் பவளக்கல்லுமாகத் தொட்டி தயாராக நின்றது. உள்ளே ஒரு செத்த இறால் அழுகினால்தான் தண்ணீர் மீனுக்குப் பக்குவப்படும். பஸ் இல்லாததால் பச்சை இறால் வரவில்லை.

"வூட்ல இருக்கற கருவாட்டையே போடு" என்றான் மனைவியிடம். மணிமொழி கைப்பழக்கத்தில், குழம்புக்குச் செய்வதுபோலத் தலைகளைக் கிள்ளிவிட்டுப் போட்டாள்.

நாட்கள் போயும் தண்ணீர் நாறவில்லை. ஆதிமூலத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. போகும்போதும் வரும்போதும் முகர்ந்து பார்த்தான்.

ஒருநாள் காலையில் இறால்கள் நீந்திக்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் தலை இல்லை.

"தலைய இன்னா பண்ண?"

"வறுத்துத் தொவையல் அரைச்சேன். நீங்கதான தொட்டுக்கினு ரெண்டு தட்டு சோறு ஜாஸ்தியா சாப்ட்டீங்க."

அவன் வலப்பக்கம் நகர்ந்தான். இறால்கள் வலப்பக்கம் வந்தன. இடப்பக்கம் போனான். அங்கேயும் வந்தன.

தரையில் உட்கார்ந்தான். அவையும் மெல்லக் கீழிறங்கி, அவன் வயிற்றுக்கு நேரே கண்ணாடியை முட்ட ஆரம்பித்தன.