கேட்காத உயரம்

"காஸ் போட்டியா, சைன் போட்டியா?" என்று கணவன் கேட்டான்.

"கிடைவாட்டத்து வேகத்துக்கு காஸ், செங்குத்து வேகத்துக்கு சைன். பட்டம் வாங்கினவகிட்டயே பரீட்சை வைக்கிறீங்களா?" என்று மனைவி பேனாவை மூடினாள்.

"இன்னொரு தடவை பார்த்துடும்மா."

"ஒரு கணக்குக்கா இந்த நடுக்கம்? முப்பது மீட்டர் தள்ளி விழும். இம்மி பிசகாது."

"சரி, எவ்வளவு உயரம் போகும்?"

"உங்க முதலாளி தூரத்தை மட்டுந்தானே கேட்டாரு?"

சர்க்கஸ் பீரங்கிக்குள் கழுத்துவரை இறங்கியிருந்த கணவன், தூரத்தில் கட்டியிருந்த வலையை விட்டுவிட்டுக் கூடாரத்தின் கூரையைப் பார்த்தான். மனைவியும் அண்ணாந்து பார்த்தாள். அவசரமாகப் பேனாவைத் திறந்தாள்.

அதற்குள் முதலாளி மைக்கில் முழங்கத் தொடங்கிவிட்டார்: "அறிவியல் துல்லியத்தோட நம்ம வீரர் இப்போ பறக்கப்போறார். மூணு... ரெண்டு..."