தில்லானா முடிந்ததும்

மாட்டுங்கா சபாவில் மேடையேறும் முன் அம்மு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செம்பூர் டான்ஸ் ட்ரூப்காரா வந்திருக்கா. என் ஆட்டத்தைப் பார்த்து எடுத்துண்டாப் போறும். பாவம்னு எடுத்துக்க வேண்டாம். யார்கிட்டயும் சொல்லப்படாதுப்பா."

"மூச்சு விட மாட்டேன்டி. சத்தியம்," என்றார் பஞ்சாபகேசன்.

மேடைப் பலகை வழியே மிருதங்கம் அவள் பாதங்களில் அதிர்ந்தது. ஒரு ஜதிகூடப் பிசகாமல் தில்லானாவை முடித்து, குனிந்து வணங்கினாள்.

நிமிர்ந்து அரங்கைப் பார்த்தாள்.

அரங்கமே எழுந்து நின்றது. ஆனால் ஒருவரும் கைதட்டவில்லை. எல்லோரும் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். காது கேளாதவர்களைப் பாராட்டும் முறை அது.

மேடையோரத்தில் ஒரு கையில் மைக்கோடு, மறுகையை எல்லோரையும்விட உயரத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார் அப்பா.