பூச்சி தின்ற பதிவேடு

"பூச்சி தின்னுடுச்சா? யார் காதுல பூ சுத்தறீங்க?"

பெரியவர் மேசையைத் தட்டியதில், அவர் சற்றுமுன் கையெழுத்திட்டுக் கொடுத்த மனு நழுவியது. பதிவறைப் பெண் அதைப் பிடித்து வைத்தாள். அவள் இந்த அலுவலகத்துக்கு வந்து மூன்று மாதம்தான்.

"கோவப்படாதீங்க ஐயா. ஜன்னல் மேல குருவிக்கூடு. அதுலேர்ந்து பூச்சி பரவிடுச்சாம். நீங்க கேக்கற வருஷத்துப் பதிவேடு எல்லாத்தையும் பல வருஷம் முன்னாடியே எரிச்சுட்டாங்க."

"அந்த வருஷம்தாம்மா எங்கப்பா வீடு வாங்கினார்! நாளைக்கு கோர்ட்ல அந்தப் பக்கத்தைக் காட்டலேன்னா, பக்கத்து வீட்டுக்காரன் வீட்டையே முழுங்கிடுவான். நானும் என் பொண்ணும் தெருவுல நிக்கணும்."

ஜன்னல் மேல் இன்னும் ஒரு கூடு இருந்தது. பெரியவர் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார்.

"ஐயா, விழுந்துடப் போறீங்க!"

குருவிகள் எப்போதோ விட்டுப்போன கூடு. வெள்ளைத்தாளில் தட்டினார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினார். வைக்கோல் தூசிக்கிடையே வெளிறிய புள்ளிகள் ஓடின.

"நல்லா பாரும்மா. பூச்சித் துறை அதிகாரியா முப்பது வருஷம் இதுங்களோடதான் குப்பை கொட்டினேன். உதிர்ந்த இறகு, பூஞ்சை, தூசி. இதுதான் இதுங்களுக்குச் சாப்பாடு. இது ஒரு அலமாரியைத் தின்னுச்சாம்! வாயில்லாப் பூச்சின்னா என்ன பழி வேணும்னாலும் போடலாமா?"

"நிபுணர் சான்றிதழ் இருக்கு ஐயா."

மஞ்சளேறிய தாளை எடுத்து வந்து படித்தாள். "நேரில் ஆய்வு செய்தேன். பூச்சிகளால் முற்றிலும் சேதம். எரித்துவிடலாம்."

"நேரிலயா? இந்தக் கூட்டை ஒரு தடவை எட்டிப் பாத்திருந்தா இப்படி எழுதுவானா? எந்தச் சோம்பேறிம்மா அவன்? அவன் வீட்டு வாசல்ல போய் நின்னு, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கறேன்!"

அவள் சான்றிதழின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு மனுவைப் பார்த்தாள். மறுபடி சான்றிதழைப் பார்த்தாள்.

இரண்டையும் அருகருகே வைத்து, அவர் பக்கம் திருப்பினாள்.

இரண்டு கையெழுத்திலும் கடைசி எழுத்தின் வால் ஒரே மாதிரி சுழித்திருந்தது; ஒன்று இன்று போட்டது, மற்றது எப்போதோ ஒரு மாலையில், ஜீப்பை விட்டு இறங்காமலே, முழங்கால் மேல் வைத்து அவர் போட்டது.