ஏழு ஓட்டு

"நகராட்சித் தேர்தலெல்லாம் சட்டசபைக் கையேட்டுல எதுக்கு? மூணு தடவை எம்.எல்.ஏ.வா ஜெயிச்சதை மட்டும்..." "மட்டும் என்ன மட்டும்? போட்டியிட்ட தேர்தல்கள்னுதானே படிவத்துல கேட்டிருக்கு?" சட்டமன்ற உறுப்பினரும் அவர் மனைவியும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுகிறார்கள். உறுப்பினரின் வாழ்க்கைக் குறிப்பு மதியத்துக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும். ஜன்னல் வெயில் கணினித் திரையில் பளீரென்று அடிக்கிறது. உதவியாளர் பெண் விசைப்பலகைக்கு மேல் விரல்களைத் தூக்கிப் பிடித்தபடி சிரிப்பை மென்று விழுங்குகிறாள். அவர் முதன்முதலில் நின்றது ஒரு வார்டுக்கு, தோற்றது ஏழு ஓட்டில். தோற்கடித்தவள் இதோ, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள். கல்யாணமெல்லாம் அதற்குப் பிறகுதான். அவள் ஜெயித்த கதை இந்த வீட்டு வாசலைத் தாண்டி யாருக்கும் நினைவில்லை. ஒரு புத்தகத்திலாவது அது ஏறிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. "ஊர் சிரிக்கும்டி." "சிரிக்கட்டுமே. உங்க பேச்சைக் கேட்டு ஊர் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கிறார். இறங்கி வரப்போகும்போதெல்லாம் அவர் கை செய்கிற வேலை அது என்று அவளுக்குத் தெரியும். மீசைக்கடியில் சிரிப்பும் கசிகிறது. "சரி, போட்டுக்கோம்மா," என்கிறார் உதவியாளரிடம். "ஆனா ஏழுன்னு வேண்டாம். குறைந்த வித்தியாசம்னு போடு." மனைவி குனிந்து அவர் காதருகே, அறைக்கே கேட்கும்படி சொல்கிறாள்: "ஏழு அவ்வளவு கேவலமா இருந்தா, வர்ற தேர்தல்ல மறுபடியும் எதிர்த்து நிக்கிறேங்க. ஏழாயிரம்னு கம்பீரமா போட்டுக்கலாம்."