உங்க பேரை எடுக்கிறாங்க!

“அதெல்லாம் முடியாதுக்கா. இனிமே அவ பேருக்குப் பின்னாடி என் பேருதான் இருக்கணும். மாத்தித்தான் ஆகணும்.”

சொல்லிவிட்டு ஏ.சி. மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டான். பக்கத்து நாற்காலியில் அவன் மனைவி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

விசா விண்ணப்பம் நிரப்பித் தரும் அந்தச் சின்ன அலுவலகத்தில் டைப் அடிக்கும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவுக்குப் பொதுவாகவே புருஷன்களைப் பிடிக்காது. சொந்தப் புருஷனும் அதில் சேர்த்திதான்.

“எத்தனை தடவை சொல்றது தம்பி? பாஸ்போர்ட்ல அவங்க அப்பா பேரே இருந்தாலும் விசா கிடைக்கும். கல்யாணச் சான்றிதழ் வச்சா போதும். எத்தனையோ பேர் அப்படித்தான் போறாங்க.”

“எனக்கு என் பேரு வேணும்.”

“நீ என்னம்மா சொல்ற?”

“அப்பா பேரே இருக்கட்டும்க்கா” என்றாள் அவள். “நாங்களா பாத்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டதுல இருந்து அப்பா என்கூடப் பேசறதில்ல. அடுத்த மாசம் வெளிநாடு போறோம்னு சொல்லத் தையல் கடைக்குப் போனோம். எங்களைப் பாத்ததும் ஷட்டரை இறக்கிட்டாரு. திரும்பி எப்போ வருவோமோ தெரியல. அவருதான் பேசல, அவர் பேராவது என்கூட வரட்டுமே.”

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அவன் அசையவில்லை. சரியான கல்லுளிமங்கன்.

“மாத்தறதுக்கு என்ன வேணும்க்கா, அதைச் சொல்லுங்க.”

“பொண்ணைப் பெத்தவங்க நேர்ல வரணும். பழைய பேரும் புதுப் பேரும் ஒரே ஆள்தான்னு உறுதிமொழிப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும். அம்மா இருக்காங்களாம்மா?”

“இல்லக்கா. அப்பா மட்டும்தான்.”

“அப்போ நடக்காது. விட்டுடுங்க” என்றாள் அக்கா, உள்ளூர சந்தோஷமாக.

“ஏன் நடக்காது? நீங்க ஒரு போன் போடுங்க. நான் பேசினா கட் பண்ணிடுவாரு. ‘உங்க பொண்ணு பேர்ல இருந்து உங்க பேரை எடுக்கிறாங்க, வந்து கையெழுத்துப் போடுங்க’ன்னு சொல்லுங்க. அப்படியே, வார்த்தை மாறாம சொல்லுங்க.”

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அவன் சொன்ன எண்ணை அழுத்தினாள். வார்த்தை மாறாமல் சொல்லி, அலுவலக விலாசத்தையும் சொன்னாள்.

மறுமுனையில் தையல் மிஷின் சத்தம் சட்டென்று நின்றது.

“யாரு எடுக்கிறது?”

அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார்.

அக்காவின் டீ ஆறுவதற்குள் கதவு படாரென்று திறந்தது. காதில் பென்சிலும் கழுத்தில் அளவு நாடாவுமாக, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார் தையல்காரர்.

“எவன்டா என் பேரை எடுக்கிறவன்?”

மெக்கானிக் எழுந்து நின்றான். “நான்தான் மாமா.”

“யாருக்கு யாருடா மாமா? பள்ளிக்கூடத்துல சேத்தப்போ என் கையால எழுதிக் குடுத்த பேருடா அது!”

“இல்ல மாமா, சட்டப்படி...”

“சட்டமாவது, சட்டையாவது!”

“நானும் அதைத்தான்ப்பா சொல்றேன்” என்று மகள் எழுந்தாள். “காலையில இருந்து கத்திட்டிருக்கேன். காதுலயே வாங்க மாட்டேங்கிறாரு.”

தையல்காரர் அப்போதுதான் மகளை நேராகப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

“உன்னைக் கேக்காமலா பண்றான்?”

“ஆமாப்பா.”

“வீட்லயும் இப்படித்தானா?”

“எல்லாத்துலயும் பிடிவாதம்ப்பா. துவைச்ச துணியைக்கூட அவர் மடிக்கிற மாதிரிதான் மடிக்கணுமாம்.”

“துணியைப் பத்தி உனக்கு இவன் சொல்லிக் குடுக்கிறானா? நீ யாரு பொண்ணு!”

அதற்கப்புறம் இருவரும் முறை வைத்துக்கொண்டு அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். அவர் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொன்னாள். அக்காவுக்கு மனசு குளிர்ந்து போயிற்று.

“கையெழுத்தும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நீ வாம்மா. ஏன் இப்படி இளைச்சுட்ட? ஏதாவது சாப்பிட்டியா?”

அப்பா பின்னாலேயே போன மகள், வாசலில் திரும்பிப் புருஷனை முறைத்தாள். “நீங்க இங்கயே இருங்க!”

எதிரே டீக்கடை. ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. தையல்காரர் அளவு நாடாவை எடுத்து மகளின் தோளை அளந்துகொண்டிருந்தார். போகிற இடத்துக் குளிருக்குக் கோட்டு போலிருக்கிறது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

“பாத்தியா தம்பி? இப்போ இந்தப் பத்திரத்தை என்ன பண்ணப் போற?” என்றாள் அக்கா, வெற்றிக் களிப்பில்.

“கிழிச்சுடுங்கக்கா. அவ அப்பா பேரோடயே விசாவுக்கு அனுப்பிடுங்க.”

“அப்போ காலையில இருந்து நீ ஆடின ஆட்டம்?” என்றாள் அக்கா.

“எத்தனையோ தடவை நல்லபடியாக் கூப்பிட்டுப் பாத்தோம்க்கா, வரல. சண்டைக்குன்னா வந்துடுவாருன்னு தெரியும்.”

“அடப்பாவி! அது தெரியாம ரெண்டு பேரும் அங்க உக்காந்து உன்னைத் திட்டிட்டு இருக்காங்களே. நான் போய்ச் சொல்லட்டுமா?”

“ஐயோ, சொல்லிடாதீங்கக்கா” என்றான் அவன், ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். “இத்தனை நாள் கழிச்சுப் பேசறாங்க. பேசிக்கறதுக்கு அவங்களுக்கு ஒரு விஷயம் வேணும்ல?”