ஜெயிச்சா நாம!

"மேட்ச் என்னாச்சு?"

செருப்பைக் கழற்றுவதற்குள் கிரிஜா கேட்டாள்.

"டீம் தோத்துடுச்சு" என்றார் ரவிசந்திரன்.

"போன ஞாயித்துக்கிழமை என்ன சொன்னீங்க? 'ஜெயிச்சுட்டோம் கிரிஜா, ஜெயிச்சுட்டோம்'னு லிஃப்ட்லேர்ந்தே கத்தினீங்க. ஜெயிச்சா நாம, தோத்தா டீமா? கேப்டனே நீங்கதானே!"

கிரிஜா பூனா பக்கம் நிக்டியில் ஒரு ஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர். 'டீம்' என்று வந்தால் வினை ஒருமையா பன்மையா என்று எட்டாம் வகுப்போடு வருஷா வருஷம் மல்லுக்கட்டுகிறவள். வீட்டிலேயே ஒருத்தர் ஜெயித்தால் பன்மை, தோற்றால் ஒருமை என்று வசதியாக வைத்துக்கொண்டால் விடுவாளா?

"கழுவற மீன்ல நழுவற மீன் நீங்க" என்றாள்.

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

எப்படியோ தட்டுத்தடுமாறி ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள். இந்தத் தடவை ஆளைக் கையும் களவுமாகப் பிடிப்பதென்று கிரிஜாவும் மைதானத்துக்குக் கிளம்பினாள்.

பக்கத்து நாற்காலியில் ப்ரீதி. கோயம்புத்தூரிலிருந்து பூனாவுக்குப் புதுசு. அவள் புருஷன் கேஷவ் டீமுக்குப் புதுசு.

"காலேஜ்ல இவரு கைக்கு வந்த பந்து கீழ விழுந்ததே இல்லீங்களாம் அக்கா. பொண்ணு பாக்க வந்தப்பவே எங்கப்பாகிட்ட சொல்லிட்டாரு."

கடைசி ஓவர். ப்ரீதி வடாபாவ் வாங்கப் போயிருந்தாள். பந்து மெல்ல உயர்ந்தது. கேஷவ் கைக்குள் வந்து உட்கார்ந்தது. அப்புறம் எழுந்து போய்விட்டது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அடுத்த பந்து பவுண்டரி. எதிர் டீம் மராத்தியில் கத்திக்கொண்டு உள்ளே ஓடியது.

மைதானத்திலிருந்து திரும்பி வந்த கேஷவ் தலையே நிமிரவில்லை. "இனிமே நான் வரலீங்கண்ணா. வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று ரவிசந்திரனிடம் முணுமுணுத்தான்.

அதற்குள் ஒரு கையில் வடாபாவ், ஒரு கையில் செல்போனோடு ப்ரீதி ஓடி வந்தாள்.

"தோத்துட்டமா? யாரோ கேட்ச் விட்டுட்டாங்கன்னு கடையில பேசிக்கிட்டாங்க. யாருங்கண்ணா அது? அப்பா வீடியோ கால்ல இருக்காரு, கேக்கறாருங்க."

கேஷவ் முகத்தில் ரத்தமே இல்லை.

ரவிசந்திரன் நிதானமாகத் தொப்பியைக் கழற்றினார்.

"டீம் விட்டுடுச்சும்மா."

"டீம் எப்படிங்கண்ணா கேட்ச் விடும்?" ப்ரீதி கிரிஜா பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க இங்கயேதான இருந்தீங்க?"

கிரிஜா புருஷனைப் பார்த்தாள். இத்தனை நாளில் டீம் தோற்றபோதெல்லாம் யாரால் தோற்றது என்று தனக்குத் தெரியவே தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஆமா ப்ரீதி, டீம்தான் விட்டுச்சு. என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்!"