விளக்குக்காரரும் குடத்துக்காரரும்

“அந்தக் குடம் என்ட படலைக்குள்ள வந்தா, இந்தக் கலியாணம் நடவாது.”

பெண்ணின் தகப்பன் ஐயம்பெருமாள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலை மறித்து நின்றார். படலைக்கு வெளியே மாப்பிள்ளை, மேளக்காரர், இடுப்பில் நிறைகுடத்தோடு மாப்பிள்ளையின் அக்காள், அவர்களுக்குப் பின்னால் உடப்பு ஊரில் அரைவாசிப் பேர். எல்லோருக்கும் முன்னால் மாப்பிள்ளையின் தகப்பன் கந்தவனம், தானும் சளைத்தவனில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“உள்ள எரியுற குத்துவிளக்கை அணைக்கச் சொல்லுங்க. அதுக்குப் பிறகுதான் நான் காலெடுத்து வைப்பன்,” என்றார் அவர், ஐயரைப் பார்த்து. முப்பது வருடமாக இருவருக்கும் நேர்ப்பேச்சு இல்லை.

ஐயர் தலையில் கைவைத்தார். குடமும் விளக்கும் இல்லாமல் எந்த ஊரில் தாலி கட்டுவது? முகூர்த்தம் முடிய அரை மணித்தியாலம்தான் இருந்தது.

விசயம் இதுதான். எண்பத்திரண்டு மார்கழியில் நாட்டில் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. தேர்தல் வைக்காமலே பாராளுமன்றம் இன்னும் ஆறு வருடம் இருக்கட்டும் என்பவர்களுக்கு விளக்குச் சின்னம், கூடாது என்பவர்களுக்குக் குடம். அதுவரை இவர்கள் உயிர்ச் சிநேகிதர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து, ஒரே கணக்கைப் பிழையாகச் செய்து, ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். பிறகு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள். தங்கள் முதல் வாக்கைப் போடவும் ஒரே சைக்கிளில்தான் போனார்கள். விளக்கா குடமா என்று வழிநெடுகச் சண்டை பிடித்து, திரும்பும்போது ஒருவர் சைக்கிளிலும் மற்றவர் நடந்தும் வந்தார்கள்.

அன்றைக்குப் பிடித்த சனியன். ஐயம்பெருமாள் வீட்டில் குடம் என்ற சாமானே கிடையாது, தண்ணீர் வாளியில்தான். கந்தவனம் வீட்டில் கரண்ட் போனால் குடும்பமே டோர்ச் பிடித்துக்கொண்டு சோறு தின்றது. அந்தப் பாராளுமன்றம் கலைந்து, எத்தனையோ பாராளுமன்றம் வந்து போய், யுத்தமும் முடிந்து மூன்று வருடமாகிவிட்டது. விளக்கு கேட்டவர்களும் குடம் கேட்டவர்களும்கூட அதை மறந்துவிட்டார்கள். இந்த இரண்டு பேருக்கு மட்டும் மறதி வரவில்லை. இடையில் இவர் மகளும் அவர் மகனும் முந்தலில் ஒரே இறால் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே பஸ்ஸில் வந்து போனதுதான் வினை.

ஜன்னலுக்குள் மகளின் முகம் தெரிந்தது. கண்மை கரைந்து கன்னத்துக்கு வந்திருந்தது. அவளுக்காக ஐயம்பெருமாள் உயிரையும் கொடுப்பார். ஆனால் அந்தக் குடம்!

அப்போதுதான் அவர் மனைவி திரௌபதை ஒரு தட்டில் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“உங்கட விளக்குக் கதையும் குடத்துக் கதையும் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. அண்டைக்கு எதுக்கு வாக்குப் போட்டீங்களோ, அதை அம்மன் பேரால இந்தக் கற்பூரத்தில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. ஆர் முதல்ல பண்ணுறாரோ, அவர் சொல்லுறபடி வாசல் இருக்கட்டும். மற்றவர் வாய் திறக்கப்படாது.”

கூட்டம் கலகலத்தது. அம்மன் பேரால் பொய்ச் சத்தியம் செய்ய உடப்பில் ஆளில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள், தட்டுக் கவிழும் என்று பக்கத்தில் நின்றவர்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு இடம் விட்டார்கள்.

ஒருவரும் பாயவில்லை.

ஐயம்பெருமாள் கோயில் திருவிழாவில் பதினெட்டு வருடம் தீ மிதித்தவர். அந்தக் கால்கள் ஒரு துண்டுக் கற்பூரத்துக்கு முன்னால் அசைய மறுத்தன. கந்தவனமோ தென்னையை அண்ணாந்து பார்த்துக் காய் எண்ணத் தொடங்கினார். கற்பூரம் எரிந்து முடிந்தது. திரௌபதை இன்னொன்றைக் கொளுத்தினாள். அதுவும் முடிந்தது. நாதஸ்வரக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு பீப்பி ஊதிவிட்டார்.

“சரி, பிள்ளைகள்ட நன்மைக்கு,” என்று முணுமுணுத்துக்கொண்டே ஐயம்பெருமாள் நிறைகுடத்தைத் தானே வாங்கிக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். கந்தவனம் விறுவிறுவென்று உள்ளே வந்து, கடற்காற்றில் சாய்ந்த திரியைத் தூண்டிவிட்டார். மேளம் வெளுத்து வாங்கியது. முகூர்த்தம் முடிய ஐந்து நிமிடம் இருக்கத் தாலி ஏறியது. மகள் அழுததையெல்லாம் மறந்து வாய் கொள்ளாமல் சிரித்தாள்.

பந்தியில் சம்பந்திகள் இருவரையும் பக்கத்துப் பக்கத்து இலையில் இருத்தினார்கள். பாயசம் வரும்வரை இருவரும் குனிந்த தலை நிமிரவில்லை. பிறகு கந்தவனம் மெல்லக் கேட்டார்.

“ஏன் மச்சான் நீ சத்தியம் பண்ணல்ல?”

ஐயம்பெருமாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஆரிட்டயும் சொல்லிப்போடாத. எங்கட கொப்பியில வாத்தியார் பிழைக்குத்தானே குறுக்க ரெண்டு கோடு கீறிப் புள்ளடி போடுவார்? வாக்குச்சீட்டில புள்ளடி போடச் சொன்னதும், வேண்டாததை வெட்டச் சொல்லுறாங்க எண்டு நினைச்சு, குடத்துக்கு நேர பெரிசா ஒண்டு போட்டுட்டு வந்துட்டன். அடுத்த எலெக்சனிலதான் விசயம் விளங்கிச்சு. விளக்கு விளக்கெண்டு கத்தின என்ட வாக்கு உன்ட குடத்துக்குத்தான் போச்சு.”

கந்தவனத்தின் கையிலிருந்த வடை நழுவிப் பாயசத்தில் விழுந்தது.

“அதே வாத்தியார்தானேடா எனக்கும் படிப்பிச்சவர்,” என்றார் அவர். “நான் வெட்டினது விளக்கை.”